லைன் இருக்கும்போதே: நான்கு குழந்தைகளும் ஒரு விழித்திரை ஸ்கேனும்

2025 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் பிறவிப் பார்வையிழப்பு உள்ள நான்கு குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளியானது. லண்டனில் யுசிஎல் கண் மருத்துவ நிறுவனமும் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையும் சேர்ந்து செய்த வேலை அது. சிகிச்சைக்கு வந்தபோது நால்வரின் வயதும் 1க்கும் 2.8க்கும் இடையில். வெளிச்சம் இருக்கிறதா, இல்லையா என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கண்ணில் மட்டும் மரபணு சிகிச்சை கொடுத்தார்கள். சராசரியாக 3.5 ஆண்டுகள் கழித்து அளந்தபோது சிகிச்சை பெற்ற கண்களின் பார்வை, பார்வைக் கூர்மையை அளக்கும் லாக்மார் கணக்கில் சராசரியாக 0.9 இருந்தது. நம் கிளினிக்குகளில் எழுதும் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 6/48. சிகிச்சை பெறாத கண்களில் அளப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

செய்தித்தாள்கள் மரபணு சிகிச்சையைக் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் குழந்தைகளுக்குக் கண் ஸ்கேன் எடுப்பதே என் அன்றாட வேலை. அதனாலோ என்னவோ, அந்த ஆய்வைப் படித்தபோது என் மனம் ஒரு முந்தைய கேள்வியில் நின்றுவிட்டது. வெளிச்சம் மட்டுமே தெரிகிற, மின் சோதனையில் எந்த அசைவும் காட்டாத ஒரு கண்ணில் ஊசி போடலாம் என்ற துணிச்சல் இந்த மருத்துவர்களுக்கு எங்கிருந்து வந்தது? விடை, விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் படத்தில் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நோய்

லீபர் பிறவிப் பார்வையிழப்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும், உள்ளே இருப்பது பல நோய்கள். இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்களில் எதில் பழுது இருந்தாலும் குழந்தை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நம்மிடம் வரும். இரண்டு மூன்று மாதமாகியும் அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்காது. கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல அலையும். சில குழந்தைகள் கையை முட்டியாக மடக்கி, கண்ணின் குழிக்குள் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கும். தூக்கக் கலக்கம் என்று வீட்டில் நினைப்பார்கள். அழுத்தும்போது விழித்திரை தூண்டப்பட்டு ஏதோ மின்னல்போலத் தெரிவதால்தான் அப்படிச் செய்கிறது என்று கருதுகிறோம். அந்த முட்டியைப் பார்த்ததுமே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

லண்டன் குழந்தைகளுக்குப் பழுது இருந்தது ஏஐபிஎல்1 என்ற மரபணுவில். லீபர் பிறவிப் பார்வையிழப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் இது காரணமாக இருப்பதில்லை. 17ஆவது குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுவை 2000ஆம் ஆண்டில் அடையாளம் கண்டார்கள். அப்போது பாகிஸ்தானியக் குடும்பம் ஒன்றில் கண்ட ஒரு பழுது, இன்றுவரை இந்த நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படும் பழுதாக இருக்கிறது.

இது அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளும் பழுதாக வந்தால் மட்டும் வரும் நோய். பெற்றோர் இருவருக்கும் பார்வை நன்றாகவே இருக்கும். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இந்த வகை நோய்கள் கூடுதலாகத் தெரிவது அதனால்தான். நம் ஊர்க் கண் மருத்துவமனைகளுக்கு இது புதிய செய்தி இல்லை. சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்திலும் லீபர் குடும்பங்களின் மரபணு ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

இந்த மரபணு செய்யும் வேலை என்ன? விழித்திரையின் ஒளி உணர் செல்களில் பிடிஇ6 என்ற நொதி உண்டு. வெளிச்சம் பட்டதும் செல்லுக்குள் நடக்கும் வேதி மாற்றத்தை நடத்திவைப்பது அதுதான். அந்த நொதி சரியான வடிவத்தில் மடிந்து வேலைக்குத் தயாராவதற்கு ஏஐபிஎல்1 புரதம் கூடவே நின்று உதவ வேண்டும். அது இல்லாவிட்டால் நொதி உருப்படாது. செல்லுக்குள் சேரக்கூடாத பொருள் சேர்ந்து, செல் செத்துப்போகிறது. கோல் செல், கூம்பு செல் என்ற இரண்டு வகை ஒளி உணர் செல்களுமே போகும். அதுவும் வேகமாகப் போகும். பார்வையிழப்பு நோய்களிலேயே கொடுமையான வகைகளில் இது ஒன்று.

ஸ்கேன் அறையில்

ஓசிடி என்பது ஒலிக்குப் பதிலாக ஒளியை அனுப்பி எடுக்கும் ஸ்கேன். 1991ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ குழுவினர் முதலில் காட்டினார்கள். கிணறு வெட்டும்போது பக்கச் சுவரில் செம்மண், சுக்கான், பாறை என்று அடுக்கடுக்காகத் தெரியுமே, விழித்திரையை அப்படி நெடுக்காக வெட்டிப் பார்த்ததுபோன்ற படம் இதில் கிடைக்கும். கண்ணைத் தொட வேண்டியதில்லை, கதிர்வீச்சும் இல்லை. விழித்திரையின் மொத்தத் தடிமனே கால் மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

பெரியவர்களுக்கு இது இரண்டு நிமிட வேலை. தாடையை வை, பச்சைப் புள்ளியைப் பார், முடிந்தது. கண்ணே அலைபாயும் ஒரு வயதுக் குழந்தையிடம் எந்தப் புள்ளியைப் பார்க்கச் சொல்வது? கையில் பிடிக்கும் ஓசிடி கருவி வந்த பிறகுதான் இது முடிகிற காரியமானது. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சிந்தியா டோத் குழந்தைகளுக்காக இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். குழந்தையை அம்மா மடியில் படுக்க வைத்து, தலையை இருபக்கமும் தாங்கிக்கொண்டு, கருவியைக் கண்ணுக்கு மேலே பிடித்துக் காத்திருக்க வேண்டும். கண் அலையும்போது திரையில் அடுக்குகள் ஓடிக்கொண்டே இருக்கும். வலது கோடியிலோ இடது கோடியிலோ கண் ஒரு கணம் தயங்கும் இடம் ஒன்று உண்டு. குழந்தைக்குக் குழந்தை அது மாறும். அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் படம் விழும். பால் குடித்துக் கண் சொருகும் நேரத்தில் கிடைக்கும் படத்தைப்போல் வேறு எப்போதும் கிடைக்காது. சில குழந்தைகளுக்கு எவ்வளவு காத்திருந்தாலும் விழாது. அப்போது மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

படம் விழுந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது இரண்டு இடங்களை. ஒன்று, ஒளி உணர் செல்களின் கருக்கள் வரிசையாக நிற்கும் கருத்த பட்டை. இரண்டாவது, அதற்குக் கீழே ஓடும் மெல்லிய வெளிர்க் கோடு. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்கள் அங்கே நெருக்கமாக இருப்பதால் அது பளிச்சென்று தெரிகிறது என்று விளக்குவார்கள். எங்கள் அறையில் அதற்குப் பெயர் வெறும் ‘லைன்’. மருத்துவர் உள்ளே நுழையும்போதே “லைன் இருக்கா?” என்றுதான் கேட்பார். கோடு இருந்தால் அங்கே ஒளி உணர் செல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மற்ற சோதனைகள் இந்தக் குழந்தைகளிடம் உதவுவது குறைவு. கண்ணில் விளக்கடித்துப் பார்த்தால் கைக்குழந்தைப் பருவத்தில் விழித்திரை கிட்டத்தட்ட சாதாரணமாகவே தெரியலாம். விழித்திரையின் மின் அசைவை அளக்கும் இஆர்ஜி தட்டையாக இருக்கும். தட்டை என்றால் செல் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். செல் செத்துவிட்டதா, உயிரோடு இருந்தும் முடங்கிக் கிடக்கிறதா என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. பல ஆண்டுகளாக இந்த இரண்டையும் ஒன்றாகவே எண்ணி, தட்டையான இஆர்ஜி தாளைக் கையில் கொடுத்துப் பெற்றோரை அனுப்பியிருக்கிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

முதலில் வழி காட்டிய நோய்

உயிரோடு இருந்தும் முடங்கிக் கிடக்கும் செல் என்ற எண்ணம் லீபர் நோயின் வேறொரு வகையில்தான் முதலில் உறுதியானது. ஆர்பிஇ65 மரபணுப் பழுதில், ஒளி உணர் செல்லுக்கு வேண்டிய வைட்டமின் ஏ வகைப் பொருள் பக்கத்து அடுக்கிலிருந்து வராமல் நின்றுவிடும். செல் பட்டினி கிடக்கும், ஆனால் உடனே சாகாது. 2005ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ஜேக்கப்சன், ஆர்டுர் சிடெசியன் குழுவினர் ஓசிடியை வைத்து, பார்வையற்ற இந்தக் கண்களில் ஒளி உணர் செல்கள் எங்கெங்கே மிஞ்சியிருக்கின்றன என்று இடம் இடமாக வரைந்து காட்டினார்கள். மனிதருக்கு மரபணு சிகிச்சை செய்வதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்பது அவர்கள் வாதம். மருந்து போக வேண்டிய இடம் செல் மிஞ்சியிருக்கும் இடம். வாடிய பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சலாம். கருகிய பயிருக்குப் பாய்ச்சி என்ன பயன்?

2008ல் லண்டனிலும் பென்சில்வேனியாவிலும் முதல் நோயாளிகளின் முடிவுகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டு பென்சில்வேனியா குழு எழுதிய ஒரு குறிப்பை என்னால் மறக்க முடியவில்லை. சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆன ஒரு பெண், வாழ்க்கையில் முதல் தடவையாகக் குடும்பத்துக் காரில் ஒளிரும் கடிகாரத்தின் எண்களைப் படித்துவிட்டார். சோதித்துப் பார்த்தால், மங்கலான பொருளைப் பார்க்க அவர் விழித்திரையின் நடு மையத்தைப் பயன்படுத்தவில்லை. மருந்து போட்ட பக்கத்துப் பகுதியால் பார்க்கப் பழகியிருந்தார். எந்த இடத்தில் ஊசி போட்டார்களோ அந்த இடம் அவருக்குப் புது மையமாகிவிட்டது. ஸ்கேன் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய முடிவு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆர்பிஇ65 மரபணு மருந்துக்காக 31 பேரைச் சேர்த்து நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில், யாரைச் சேர்ப்பது என்பதற்கான நிபந்தனைகளுக்குள்ளேயே ஓசிடி வந்துவிட்டது. விழித்திரையின் பின்பகுதியில் 100 மைக்ரானுக்கு (0.1 மில்லிமீட்டர்) மேல் தடிமன் உள்ள இடம் இருந்தால், செல் போதுமான அளவு மிஞ்சியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். 2017 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவில் லக்ஸ்டர்னா என்ற பெயரில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. விழித்திரையில் செல் மிச்சம் இருப்பவர்களுக்கு மட்டுமே போடலாம் என்பது அனுமதியிலேயே இருக்கும் நிபந்தனை.

லண்டன் குழு படத்தில் கண்டது

ஏஐபிஎல்1க்கு இதே வழி ஒத்துவராது என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். ஆர்பிஇ65இல் செல் பட்டினி கிடக்கும், காத்திருக்கும். ஏஐபிஎல்1இல் செல்லே போய்விடும். பிறவியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றால் யாருக்கு மருந்து கொடுப்பது?

2009ல் ராபின் அலியின் லண்டன் ஆய்வகம், இதே மரபணு இல்லாத எலிகளுக்கு மரபணுவைக் கொடுத்து ஒளி உணர் செல்களைக் காப்பாற்ற முடியும் என்று காட்டியிருந்தது. எலிகளில் அழிவு அவ்வளவு விரைவு என்பதால், மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சீக்கிரம் வேலை செய்ய வைக்கும் எட்டாம் வகை அடினோ சார்ந்த வைரஸ் கைகொடுத்தது. ஆனால் எலிக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. குழந்தையின் கண்ணில் எத்தனை வயதுவரை செல் இருக்கிறது?

அதற்கு விடை தந்தது ஓசிடி. 2015ல் லண்டன் குழுவின் மைக்கேல் மைக்கேலிடிஸ், ஜேம்ஸ் பெயின்பிரிட்ஜ் முதலானோர் ஏஐபிஎல்1 நோயாளிகளின் படங்களைச் சேர்த்து வெளியிட்டார்கள். பெரும்பாலோரின் விழித்திரை மையம் தேய்ந்து அடுக்கே அடையாளம் தெரியாமல் போயிருந்தது. மிகச் சிறிய வயதினர் சிலரிடம் மட்டும், விழித்திரையின் நடுப்பகுதியில் வெளி அடுக்குகள் இன்னும் நின்றிருந்தன. கருத்த பட்டை இருந்தது. லைனும் இருந்தது.

என் பார்வையில் இந்தக் கதையின் திருப்பம் இதுதான். நிரந்தர இருட்டு என்று எல்லோரும் ஒதுக்கிய நோயில், முதல் சில ஆண்டுகள் ஒரு கதவு திறந்திருக்கிறது என்று அந்தப் படங்கள் காட்டின. கதவு எங்கே இருக்கிறது என்றும் காட்டின: மையத்தில்.

சிகிச்சை

மருந்து இங்கிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தந்த சிறப்பு உரிமத்தின் கீழ் தயாரானது. பெரிய சோதனைகளை முடித்து அனுமதி வாங்கிய மருந்து கிடையாது. வேறு வழியே இல்லாத நோயாளிக்கு மருத்துவரின் பொறுப்பில் தரப்படும் வகை. நான்கு குழந்தைகளும் இங்கிலாந்துக்கு வெளியே உள்ள மருத்துவ மையங்கள் வழியாக வந்தவர்கள்.

அறுவை சிகிச்சை லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்தது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் நுண்துளையிட்டு, உள்ளே இருக்கும் ஜெல்லை அகற்றி, முடியிழை போன்ற ஊசியால் விழித்திரைக்கு அடியில் மருந்தை விடுவார்கள். திரவம் போகப் போக விழித்திரை கொப்புளம்போல எழும்பும். பிறகு திரவம் உறிஞ்சப்பட்டு அது தன் இடத்தில் படியும். மருந்தில் இருக்கும் வைரஸ் ஏஐபிஎல்1இன் நல்ல பிரதியைச் சுமந்து வருகிறது. கோல், கூம்பு செல்களில் மட்டும் வேலை செய்யும் ஒரு சுவிட்சையும் அதோடு இணைத்திருந்தார்கள். அழற்சி வராமல் இருக்க வாய்வழியாக பிரெட்னிசோலோன் கொடுத்தார்கள்.

விழித்திரையின் மையம் மெலிதான இடம். அங்கே கொப்புளம் எழுப்புவதில் ஆபத்து உண்டு. அதனால்தான் லக்ஸ்டர்னாவை மையப் புள்ளியிலிருந்து குறைந்தது 2 மில்லிமீட்டர் தள்ளிப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஏஐபிஎல்1 குழந்தைகளிடம் அந்தச் சொகுசு இல்லை, காப்பாற்றத் தகுந்தது மிஞ்சியிருப்பதே நடுப்பகுதியில்தான். ஒரே வகை நோய், ஒரே வகை ஊசி. ஆனாலும் எங்கே போடுவது, எதைத் தொடாமல் விடுவது என்ற கணக்கைப் படம்தான் மாற்றுகிறது.

ஒரு கண்ணுக்கு மட்டும் ஏன்? முதன்முதலாக மனிதருக்குப் போகும் மருந்து. எதிர்பாராத தீங்கு வந்தால் அது ஒரு கண்ணோடு நிற்க வேண்டும். அந்த எச்சரிக்கை சரியானதுதான். ஆனாலும் மூன்றாண்டு கழித்து அந்த மறு கண்ணின் முடிவைப் படிக்கும்போது மனம் கனக்காமல் இருக்காது.

அதற்குப் பிறகு

இந்த வயதில் பார்வையை அளப்பதே ஒரு கலை. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்ல முடியாது. லண்டன் குழு தொடுதிரையில் ஒரு புதிய சோதனையை உருவாக்கிக்கொண்டது. ஒத்துழைக்க முடிந்த இரண்டு குழந்தைகளுக்கு மூளையின் பார்வைப் பகுதியில் எழும் மின் அசைவையும் அளந்தார்கள். சிகிச்சை பெற்ற கண் வழியாகப் பார்க்கும்போது மட்டும் அந்த அசைவு கூடியிருந்தது. பெற்றோர் ஆசையில் சொல்வதாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு இது நேரடியான பதில். வீட்டில் என்ன மாறியது என்றால், குழந்தைகள் பொம்மையைத் தேடி எடுத்தார்கள், அப்பா அம்மா முகத்தை அடையாளம் கண்டார்கள். சிலர் படிக்கவும் எழுதவும் தொடங்கினார்கள்.

ஓசிடி சொன்னது: மூன்று குழந்தைகளிடம் விழித்திரையின் வெளி அடுக்குகள் மறு கண்ணைவிடச் சிகிச்சை பெற்ற கண்ணில் ஒழுங்காக நின்றிருந்தன. நால்வரிடமும் விழித்திரையின் தடிமன் அந்தக் கண்ணில் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டதாகத் தெரிந்தது. ஒரு குழந்தைக்குச் சிகிச்சை பெற்ற கண்ணின் மையத்தில் நீர்க்கோர்ப்பு வந்தது. அடுக்குகளுக்கு நடுவே சிறு கருங்குமிழ்களாக ஸ்கேனில் தெரியும் இது, தேடிப் பார்க்காவிட்டால் இந்த வயதில் யாருக்கும் தெரியவராது. கண் மங்குகிறது என்று சொல்ல அந்தக் குழந்தைக்கு வார்த்தை ஏது? மருந்து போட்ட பிறகும் ஸ்கேன் தொடர வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். வேறு பெரிய பாதுகாப்புச் சிக்கல் எதுவும் தெரியவில்லை.

எவ்வளவு தூரம் நம்பலாம்

நான்கே குழந்தைகள். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஒப்பிட இருந்தது அதே குழந்தையின் மறு கண்தான். ஆனால் ஒரே உடல், ஒரே மரபணு, ஒரே வயது, ஒரே வீடு என்ற நிலையில் ஒரு கண் வெளிச்சத்திலிருந்து 6/48க்கு வருகிறது, மறு கண் அளக்க முடியாத இடத்துக்குப் போகிறது. நால்வரிடமும் அதே திசை. இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

6/48 என்பது நல்ல பார்வை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாம் 48 மீட்டரிலிருந்து பார்ப்பதை அந்தக் குழந்தை 6 மீட்டரில் வந்துதான் பார்க்கும். பெரிய எழுத்துப் புத்தகம், உருப்பெருக்கி, வகுப்பில் முதல் வரிசை எல்லாம் வேண்டும். ஆனால் வெளிச்சம் மட்டும் தெரிகிற குழந்தைக்கும், தட்டில் இட்லி எங்கே சட்னி எங்கே என்று பார்த்து எடுக்கும் குழந்தைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அந்த வீட்டில் இருப்பவர்கள் அறிவார்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஆர்பிஇ65இல் பார்வை கூடிய பிறகும் செல் தேய்வது தொடர்ந்ததைப் பென்சில்வேனியா குழு 2013ல் ஓசிடி அளவுகளை வைத்தே காட்டியது. ஏஐபிஎல்1 குழந்தைகளின் கண்களிலும் அடுக்குகள் பத்து ஆண்டு, இருபது ஆண்டு நிற்குமா என்பதை ஆண்டுதோறும் எடுக்கும் படங்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் கிளினிக்கில்

இதை நாளைக்கே நம் ஊரில் வாங்கிப் போடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படமும் மரபணுச் சோதனையும் இங்கேயே நடக்கும். அதைச் செய்யாமல் விடுவதற்குச் சாக்கு இல்லை.

“அஞ்சு வயசு ஆகட்டும், அப்புறம் டெஸ்ட் பண்ணிக்கலாம்” என்று சொல்லி அனுப்பப்பட்ட குடும்பங்கள் என் மேஜைக்கு முன்னால் எத்தனையோ தடவை வந்து உட்கார்ந்திருக்கின்றன. சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெரிய குழந்தை என்றால் சோதனைக்கு ஒத்துழைக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஏஐபிஎல்1 போன்ற நோயில் அந்தக் கணக்கு தலைகீழ். ஒத்துழைக்கும் வயது வரும்போது படத்தில் பார்க்க எதுவும் இருக்காது. கண் அலையும் ஆறு மாதக் குழந்தைக்கு, தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்தாவது ஓசிடி எடுத்து, ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிட வேண்டும். மரபணு அறிக்கை எந்த மருந்து என்று சொல்லும். கொடுப்பதில் பலன் உண்டா, எவ்வளவு காலம் இருக்கிறது என்று படம் சொல்லும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஊகிக்க முடியாது.

இன்னொரு வகைக் குடும்பமும் வரும். மூத்த பிள்ளைக்கு எட்டு ஒன்பது வயது. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடக்கும். “இவனுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க, சர்டிஃபிகேட்டுக்குத்தான் வந்தோம்” என்பார்கள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருக்கும். மூத்தவனைப் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தால், மெலிந்துபோன மையத்தில் லைன் இருந்த இடம் தெரியாது. அவனுடைய ரத்தத்தை எடுத்து அனுப்புவோம், அவனுக்காக மட்டும் இல்லை. அப்புறம் அம்மாவிடம் பாப்பாவைக் கேட்போம். பால் கொடுத்துவிட்டு வரச் சொல்லி, அறை விளக்கைக் குறைத்து, கருவியைக் கையில் எடுப்போம்.